காலடியில் நீலப் பெட்டி

பிராங்பர்ட்டிலிருந்து புவனோஸ் அயர்ஸ்:
பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்,
பதின்மூன்று மணி நாற்பத்தைந்து நிமிடம்.
முன்னிருக்கையின் முதுகில்
ஒரு சின்ன விமானம் ஊர்கிறது
திராட்சை இலையில் நத்தை போல.

நான் மைன்ஸ் நகரத்தில் டிராம் ஓட்டியவன்.
முப்பத்து மூன்று வருடம் ஒரே தடம்.
பன்னிரண்டு கிலோமீட்டர்,
முனைக்கு முனை நாற்பத்தொரு நிமிடம்.
கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்:
இந்த ஓர் இரவின் தூரம்
என் ஆயிரம் நடைக்குக் கொஞ்சம் குறைவு.
ஒரு முழுக் குளிர்காலத்து வேலை.
சுற்றிலும் எல்லோரும்
வாயைத் திறந்தபடி அதைக் கடக்கிறார்கள்.

எனக்குத் தூக்கம் கிடையாது, விதி.
மதுவும் கிடையாது.
எக்ஸ்ரேயில் விடக் கூடாதென்ற கடிதம்
சட்டைப் பையில், நான்கு மொழிகளில்.
கழிவறைக்கும் பெட்டி கூடவே வரும்.
வரிசையில் நின்ற சிறுமி
உள்ளே பூனையா என்று கேட்டாள்.
இல்லை என்றேன்.
அப்போ உயிர் இல்லாததா என்றாள்.
கதவு திறந்தது; நல்லவேளை, என் முறை.

பணிப்பெண் தக்காளிச் சாறு நீட்டினாள்.
தரையில் தொடாத அதை
எங்கள் நாட்டில் எல்லோரும்
வானத்தில் மட்டும் விரும்பிக் குடிப்பார்கள்.
நானும்தான்.
ஆனால் மதியம் அந்தப் பையை
பெட்டிக்குள் வைக்கும்போது பார்த்துவிட்டேன்.
அதே நிறம்.
தண்ணீர் போதும் என்றேன்.

அங்கே ஒருவர் நான்கைந்து மணி நேரம்
இரண்டு கையையும் அசைக்காமல் கிடந்து கொடுத்தது.
பெயர் எனக்குச் சொல்ல மாட்டார்கள்.
இங்கே ஒருவருக்கு
எலும்புக்குள் இருந்ததையெல்லாம்
மருந்தால் துடைத்தாகிவிட்டது.
இனி திரும்பிப் போக வழி இல்லை,
வருவதற்காகக் காத்திருப்பது மட்டும்தான்.
அந்தப் பெயரும் சொல்ல மாட்டார்கள்.
நடுவில் பெயர் ஒட்டிய ஒரே சாமான் நான்:
ஓட்மர் கீஃபர், 41 சி, ஓரத்து இருக்கை.

கடிகாரத்தை நான்கு மணி பின்னே வையுங்கள்
என்றது ஒலிபெருக்கி.
எல்லோருக்கும் நான்கு மணி நேரம் இலவசம்.
நான் முள்ளைத் தொடவில்லை.
பெட்டிக்கு எழுபத்திரண்டு மணி நேரம்,
அதில் எந்த நாட்டு நேரமும் இல்லை.

விடியும்போது எசெய்சாவில் மூடுபனி.
நத்தை சென்ற தடத்திலேயே சுற்றத் தொடங்கியது.
ஒரு வட்டம். இன்னொன்று.
மிச்ச தூரம் நாற்பது கிலோமீட்டர்,
பிறகு அறுபது,
பிறகு மறுபடி நாற்பது.
மான்டிவிடியோவுக்குத் திருப்பலாம் என்றார் விமானி,
ஏதோ பக்கத்துத் தெரு போல.

மூன்று நிமிடத் தாமதத்துக்கு
என் முதுகுக்குப் பின்னால்
எத்தனை பேர் முணுமுணுத்திருப்பார்கள்!
ஒருத்தி குடைக் காம்பால்
கண்ணாடியைத் தட்டியே விட்டாள்.
வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்
என்ற பலகையைக் கட்டைவிரலால் காட்டினேன் அவளுக்கு.
அம்மணி, இப்போது உங்கள் குடை
எனக்கு வேண்டும்.

நாலாவது வட்டத்தில் தரை கிடைத்தது.

நெலிடா என்று அட்டை மாட்டிய பெண்
என் முகத்தைப் பார்க்கவில்லை,
வெப்பமானியைப் பார்த்தாள்.
நான்கு புள்ளி ஆறு.
அப்புறம்தான் சிரித்தாள்.
கையெழுத்து இரண்டு இடத்தில்.
ஆம்புலன்ஸ் கூட இல்லை, சாதாரண வெள்ளைக் கார்;
நெடுஞ்சாலையில் ஏதோ விபத்தாம்,
முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு
எவ்வளவு நேரமென்று
அவளுக்கும் தெரியவில்லை.

விடுதியில் படுத்துக்கொண்டு
மீதியைக் கணக்குப் போட்டேன்.
பையிலிருந்து கை வரைக்கும் குழாய்
ஒன்றரை மீட்டர் இருக்குமா?
அதற்கு ஒரு மணி நேரம்.
அதன் பிறகு எலும்புக்குள் போய்ச் சேர,
போய் வேலையைத் தொடங்க,
இரண்டு மூன்று வாரமாம்.
தடம் இல்லை, அட்டவணை இல்லை,
வழி காட்ட ஆளும் இல்லை.
தானாகவே தெரியுமாம் அதற்கு.

நடுவில் எழுந்து கழிவறைக்குப் போனேன்.
கதவருகில் குனிந்து
தரையில் கையால் துழாவினேன்.